மதியத்தில் தளரும் மடிக்கணினி

ஆரணியில் பட்டுச் சேலைக்கு டிசைன் போட்டுக் கொடுக்கும் நண்பர் ஒருவர் இருக்கிறார். ஒரு காலத்தில் கிராப் தாளில் கட்டம் கட்டமாகப் பென்சிலால் நிரப்பியவர். இன்று அதே வேலையை மடிக்கணினியில் செய்கிறார். ஓடு வேய்ந்த முன்கட்டில் தறி. பின்பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட சின்ன அறை, அதில்தான் கணினி. போன மே மாதம் அவரைப் பார்க்கப் போனபோது ஒரு கேள்வியோடு காத்திருந்தார்.

"அண்ணே, காலையில ஏழு மணிக்கு இந்த முந்தி டிசைனைத் திறந்தா வேலை மடமடன்னு ஓடுது. மதியம் ரெண்டு மணிக்கு அதே ஃபைல், அதே லேப்டாப். ஆனா ஒரு புட்டாவை நகர்த்துறதுக்குள்ள நின்னு நின்னு போகுது. வைரஸ்னு நினைச்சு எல்லாத்தையும் அழிச்சுப் பார்த்தேன். கூலிங் பேட் வாங்கி அடியில வச்சேன். பெருசா வித்தியாசம் இல்ல. புதுசு வாங்கிடவா?"

மடிக்கணினிக்குள் அலுத்துப்போகும் உறுப்பு எதுவும் கிடையாது. மின்விசிறி ஒன்றைத் தவிர அசையும் பாகமே பெரும்பாலும் இல்லை. அப்படியிருக்க காலையில் ஒரு வேகம், மதியம் ஒரு வேகம் எப்படி வந்தது? வாங்கிய கூலிங் பேட் ஏன் கைகொடுக்கவில்லை? இதற்கு விடை தெரிந்தால் எந்த மடிக்கணினியை வாங்கலாம், எந்தத் துணைக்கருவிக்குப் பணம் கொடுக்கலாம் என்பதும் தெரிந்துவிடும். அந்த விடை அவர் வீட்டு முன்கட்டுத் தறியிலேயே தொடங்குகிறது.

கொக்கி விழும்போது

ஜக்கார்டு பெட்டி பொருத்திய தறியை ஓடும்போது பார்த்திருப்பீர்கள். நெசவாளர் மிதியை அழுத்துகிறார். துளையிட்ட அட்டை ஒன்று வந்து நிற்கிறது. எந்தக் கொக்கி மேலே போக வேண்டும், எது கீழேயே இருக்க வேண்டும் என்பதை அட்டையிலுள்ள துளைகள் தீர்மானிக்கின்றன. மேலே போன கொக்கிகள் பாவு இழைகளைத் தூக்க, இடையே நாடா பாய்ந்து ஊடையைப் போடுகிறது. மிதியை விட்டதும் தூக்கிய கொக்கிகள் 'தட்' என்று கீழே இறங்குகின்றன.

துளை இருக்கிறதா, இல்லையா என்ற இரண்டே பதில்களைக் கொண்டு ஒரு மாங்காய்க் கரையையே நெய்துவிட முடிகிறது. 1804-இல் பிரான்சின் லியோன் நகரில் ஜோசப் மரி ஜக்கார்டு உருவாக்கிய இந்த முறையில்தான் கணினியின் முன்வரலாறு இருக்கிறது. 1839-இல் 24,000 அட்டைகளைக் கொண்டு ஜக்கார்டின் உருவப்படம் பட்டில் நெய்யப்பட்டது. அதன் பிரதி ஒன்றை வாங்கி வீட்டில் வைத்திருந்த சார்லஸ் பாபேஜ், தன் கணிப்பொறித் திட்டத்துக்கு அந்தத் துளையட்டை முறையையே எடுத்துக்கொண்டார்.

நமக்கு இங்கே தேவை கொக்கி எழுப்பும் 'தட்' ஓசை. கொக்கியைத் தூக்க நெசவாளரின் கால் உழைக்கிறது. கொக்கி இறங்கியதும் அந்த உழைப்பு எங்கே போயிற்று? கொஞ்சம் ஓசையாக, கொஞ்சம் அதிர்வாகப் போய்க் கடைசியில் எல்லாம் வெப்பமாகிவிடுகிறது. இது வெறும் ஊகம் இல்லை. 1840-களில் மான்செஸ்டரில் ஜேம்ஸ் ஜூல் என்பவர், கீழே இறங்கும் எடை ஒன்றைக் கொண்டு தண்ணீருக்குள் துடுப்பைச் சுழலவைத்தார். எடை இறங்க இறங்கத் தண்ணீரின் வெப்பநிலை மிக நுண்ணிய அளவில் உயர்ந்ததை அளந்து காட்டினார். விழும் எடையின் உழைப்பு வீணாவதில்லை, சூடாக மாறுகிறது என்பது அன்று உறுதியானது.

கணினியின் சில்லுக்குள் இருக்கும் டிரான்சிஸ்டரை ஒரு கொக்கி என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 'ஆம்' என்று நிற்க மின்னூட்டம் ஏற்ற வேண்டும். 'இல்லை' என்று மாற அதை வடித்துவிட வேண்டும். வடிகிற ஒவ்வொரு முறையும் அந்த ஆற்றல் வெப்பமாகிறது. தறியில் கொக்கிகள் சில நூறு, மிதி விழுவது நொடிக்கு ஒரு தடவை என்று வைத்துக்கொள்ளலாம். சில்லில் டிரான்சிஸ்டர்கள் நூறு கோடிக் கணக்கில் இருக்கின்றன. மிதி விழுவதோ நொடிக்கு 200 கோடியிலிருந்து 400 கோடித் தடவை. ஒரு கொக்கியின் சூடு ஒன்றுமே இல்லை. எல்லாம் சேர்ந்தால் ஒரு சாதாரண மடிக்கணினிச் சில்லில் 15 வாட், வேலை கூடும்போது அதற்கும் மேலே.

15 வாட் என்பது சின்ன எல்.ஈ.டி. பல்பின் அளவுதானே என்று தோன்றும். ஆனால் அது எவ்வளவு இடத்தில் பிறக்கிறது என்று பாருங்கள். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டியின் அடித்தட்டில் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 5 வாட் கிடைக்கிறது. 15 வாட் சில்லின் பரப்பு கட்டைவிரல் நகம் அளவு. அங்கே சதுர சென்டிமீட்டருக்கு 10 வாட்டும் அதற்கு மேலும் பிறக்கிறது. இஸ்திரிப் பெட்டியைவிட நெருக்கமான சூடு உங்கள் மடியில் இருக்கிறது. அது சில்லை எரிக்காமல் இருப்பதற்கு ஒரே காரணம், பிறந்த கணமே யாரோ அதை அள்ளிக்கொண்டு போவதுதான்.

சூடு வெளியேறும் பாதை

சில்லின் மேல் ஒரு செம்புத் தகடு அமர்ந்திருக்கிறது. இரண்டும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும், நுண்ணோக்கியில் பார்த்தால் மேடும் பள்ளமுமாக இருக்கும். மேடுகள் மட்டுமே ஒன்றையொன்று தொடும். பள்ளங்களில் காற்று தேங்கும். தேங்கிய காற்று வெப்பத்தைக் கடத்துவதில் மகா மந்தம். செம்பு அதைவிடச் சுமார் 15,000 மடங்கு நன்றாகக் கடத்தும். அதனால் பள்ளங்களை நிரப்ப ஒரு பசை தடவுகிறார்கள். இதை வெப்பப் பசை என்று சொல்லலாம். கடைக்காரர்கள் 'பேஸ்ட்' என்றே சொல்வார்கள். சில ஆண்டுகளில் இது காய்ந்து சுண்ணாம்புபோல் வெடித்துவிடும். அப்போது பள்ளங்களில் மறுபடி காற்று குடியேறுகிறது.

அடுத்தது வெப்பக் குழாய். தட்டையான செம்புக் குழாய் ஒன்று, உள்ளே சில சொட்டுத் தண்ணீர், வேறொன்றும் இல்லை. காற்றை முழுக்க உறிஞ்சிவிட்டுக் குழாயை மூடியிருப்பார்கள். கொடைக்கானலில் சாதம் வேக நேரமாவது நமக்குத் தெரியும். காற்றழுத்தம் குறைந்த இடத்தில் தண்ணீர் 100 டிகிரி வரை காத்திருக்காமல் முன்னதாகவே கொதித்துவிடுகிறது. காற்றே இல்லாத இந்தக் குழாயில் 40, 50 டிகிரியிலேயே ஆவியாகிறது. சில்லின் பக்கம் ஆவியான தண்ணீர் மறுமுனைக்கு ஓடுகிறது. இட்லிப் பானையின் மூடியில் ஆவி பட்டு நீர் கோப்பதுபோல அங்கே குளிர்ந்து நீராகிறது, கொண்டுவந்த சூட்டை அங்கேயே இறக்கிவைக்கிறது. பிறகு, குழாயின் உட்சுவரில் உள்ள நுண்துளைப் படலம் விளக்குத் திரி எண்ணெயை ஏற்றுவதுபோல அந்த நீரைச் சில்லின் பக்கம் இழுத்துவருகிறது. மோட்டாரும் இல்லை, பம்பும் இல்லை. 1963-இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் விண்வெளித் தேவைகளுக்காக வடிவமைத்த கருவி இன்று ஒவ்வொரு கல்லூரி மாணவரின் பையிலும் இருக்கிறது.

குழாயின் மறுமுனையில் மெல்லிய தகடுகள் சீப்புப் பற்கள்போல் வரிசையாக நிற்கின்றன. ஒன்றுக்கொன்று இடைவெளி ஒரு மில்லிமீட்டர் அளவுதான். சின்ன விசிறி அடியிலிருந்து காற்றை உறிஞ்சி இந்த இடுக்குகளின் வழியே வெளியே தள்ளுகிறது. சில்லு, பசை, குழாய், தகடு, காற்று என்று சூடு கைமாறிப் போகிறது. இந்த ஐந்தில் எது தளர்ந்தாலும் பின்னால் நெரிசல்தான்.

பட்டு கதகதப்பாக இருப்பதன் காரணம்

நண்பரின் மடிக்கணினியை அன்றைக்கே கவிழ்த்துவைத்துத் திருகாணிகளைக் கழற்றினோம். விசிறிக்கும் தகடுகளுக்கும் நடுவே ஒரு கம்பளித் துண்டு இருந்தது. யாரும் வைக்காத கம்பளி. அரக்கும் பச்சையும் சாம்பலுமாகப் பட்டுப் பிசிறுகள், பருத்தித் தூசி, ஒன்றிரண்டு சரிகைத் துணுக்கு எல்லாம் விசிறிக் காற்றில் இழுபட்டு வந்து, தகடு வாயில் படிந்து, அழுந்தி ஒரு பட்டையாகியிருந்தன. இடுக்கியால் பிடித்து இழுத்தபோது முழுசாக வந்தது. அவர் அதை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பட்டுச் சேலையும் கம்பளியும் உடலுக்குக் கதகதப்பாக இருப்பது அவை சூட்டை உண்டாக்குவதால் அல்ல. இழைகளுக்கு நடுவே காற்றை அசையவிடாமல் பிடித்துவைக்கின்றன. அசையாத காற்று சூட்டை எளிதில் கடத்தாது, உடலின் சூடு உடலிலேயே தங்குகிறது. துணியை நல்ல துணியாக்கும் அதே குணம் மடிக்கணினியின் மூச்சுக்குழாயில் போய் உட்கார்ந்தால் அதற்குப் போர்வை ஆகிவிடுகிறது. தறி ஓடும் ஊரில் இந்தப் போர்வை சீக்கிரமே சேரும். அலுவலகத்தில் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சுத்தம் செய்தால் போதும் என்றால், நெசவு வீட்டில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பது நல்லது.

சுத்தம் செய்வது பெரிய வித்தை இல்லை. கணினியை முழுக்க அணைத்து, சார்ஜரைப் பிடுங்கிவிட வேண்டும். விசிறி இறக்கை சுழலாதபடி விரலாலோ குச்சியாலோ பிடித்துக்கொள்ள வேண்டும். வெளிக்காற்றை வேகமாக ஊதி அதைச் சுழலவிட்டால் அச்சு தேய்ந்துபோகும். மெல்லிய தூரிகையால் தகடுகளைத் தட்டிவிட்டால் போதும். பழைய கணினியாக இருந்தால் பசையையும் மாற்றச் சொல்லலாம். திறக்கும்போது பேட்டரி உப்பியிருப்பது தெரிந்தால் அதைத் தொடாமல் மூடி, பழுது பார்ப்பவரிடம் கொடுத்துவிட வேண்டும்.

தமிழ்நாட்டில் இது லட்சக்கணக்கான வீடுகளின் விஷயம். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் 50 லட்சத்துக்கும் அதிகமான மாணவர்கள் கணினி பெற்றார்கள். எத்தனையோ நெசவாளர் வீடுகளுக்குள் நுழைந்த முதல் கணினி அதுதான். 'ஸ்லோ ஆயிடுச்சு' என்று பீரோ மேல் ஏற்றிவைத்தவற்றில் பல, உள்ளே இப்படி ஒரு கம்பளியோடும் காய்ந்த பசையோடும் இருக்கலாம். தூக்கிப் போடுவதற்கு முன்னால் ஒருமுறை திறந்து பார்ப்பது அந்தப் பொருளுக்கு நாம் செய்ய வேண்டிய நியாயம்.

அறையும் ஒரு பாகம்

தூசியை எடுத்துவிட்டோம். ஆனாலும் காலைக்கும் மதியத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத் தூசி விளக்காது. காலையிலும் அந்தக் கம்பளி அங்கேதானே இருந்தது? இங்கேதான் பலரும் கவனிக்காத ஒரு பாகம் வருகிறது. அது கணினிக்கு வெளியே இருக்கும் அறை.

டவராவில் ஆற்றிய காபி முதலில் சடுதியில் ஆறும். வெதுவெதுப்பான பிறகு மெல்ல ஆறும். அறையின் சூட்டுக்கு வந்ததும் நின்றுவிடும், எத்தனை நேரம் வைத்தாலும் அதற்குக் கீழே போகாது. ஒரு பொருள் இழக்கும் சூடு, அதற்கும் சுற்றியுள்ள காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது என்று 1701-இல் தன் பெயர் போடாமல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில் நியூட்டன் எழுதினார். மடிக்கணினியும் ஒரு காபி டம்ளர்தான். ஒரே ஒரு வேறுபாடு, அடியில் அடுப்பு எரிந்துகொண்டே இருக்கிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 25 டிகிரி ஏ.சி. அறையில் ஒரு கணினி தொடர்ந்து கடினமான வேலை செய்கிறது. சில்லு 85 டிகிரியில் நிலைக்கிறது. அறையைவிட 60 டிகிரி அதிகம். அந்தச் சூட்டை வெளியே தள்ள அந்த விசிறிக்கும் தகடுகளுக்கும் 60 டிகிரி வித்தியாசம் தேவைப்படுகிறது என்று பொருள். அதே கணினியை, அதே வேலையோடு, மே மாத மதியம் 40 டிகிரி அறையில் வைத்தால்? வித்தியாசம் மாறாது. 40-உடன் 60. சில்லு 100 டிகிரியைத் தொடும்.

பெரும்பாலான சில்லுகளுக்கு 95 முதல் 105 டிகிரிதான் எல்லை. அதை நெருங்கியதும் சில்லு தானாகவே மிதியின் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. இதை வேகத் தணிப்பு என்று அழைக்கலாம். இது கோளாறு அல்ல, தற்காப்பு. நண்பரின் புட்டா மதியம் நின்று நின்று நகர்ந்ததன் காரணம் இதுதான்.

பெரும்பாலான மடிக்கணினிகளோடு வரும் கையேட்டைப் புரட்டிப் பாருங்கள். இயங்கும் சூழலின் வெப்பநிலை 35 டிகிரி வரை என்று அச்சிட்டிருக்கும். வேலூர், ஆரணி, திருவண்ணாமலைப் பக்கம் கோடையில் வெளியே நிழலிலேயே 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் உண்டு. ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் அதைவிடக் கூடும். நம் ஊர் மதியம் அந்தக் கையேட்டுக்கு வெளியே இருக்கிறது. ஏ.சி. அறையில் அமர்ந்து ஒரு கணினியைச் சோதித்து 'சூடாவதில்லை' என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவருடைய அறைக்கு அது உண்மை. அறையின் வெப்பநிலையைச் சொல்லாத மதிப்பீடு நமக்குப் பாதி மதிப்பீடு.

விசிறிக் காற்று நம்மைக் குளிரவைப்பதுபோல் கணினியையும் குளிரவைக்காதா என்று கேட்கலாம். 40 டிகிரிக் காற்று நம் உடலைவிடச் சூடானது. அப்போதும் விசிறியடியில் சுகமாக இருப்பது வியர்வை ஆவியாகிச் சூட்டைக் கொண்டுபோவதால். கணினியின் வியர்வை வெப்பக் குழாய்க்குள்ளேயே அடைபட்டிருக்கிறது. விசிறி எவ்வளவு சுழன்றாலும் அது தன்னை அறைக்குக் கீழே குளிர்வித்துக்கொள்ள முடியாது.

கையை நம்பலாமா?

கணினியின் அடியைத் தொட்டுப் பார்த்துத்தான் நாம் சூட்டை மதிப்பிடுகிறோம். அது ஏமாற்றும். ஒரே சூட்டில் உள்ள எவர்சில்வர் டம்ளர் சுடும், மரப்பிடி சுடாது. உலோக உடல் கொண்ட கணினி தொட்டால் சுடுவது, உள்ளிருக்கும் சூடு வெளியே பரவுகிறது என்பதன் அடையாளமாகவும் இருக்கலாம். பிளாஸ்டிக் உடல் தண்ணென்று இருப்பது, சூடு உள்ளேயே சிக்கியிருப்பதன் அடையாளமாகவும் இருக்கலாம்.

நல்லவேளையாகச் சில்லுக்குள்ளேயே வெப்பமானி இருக்கிறது. சிலிக்கானில் செய்த டையோடு ஒன்றில் சீராக மின்னோட்டம் விட்டால், அதன் இருமுனைக்கு இடையிலான மின்னழுத்தம் ஒவ்வொரு டிகிரி கூடும்போதும் ஏறத்தாழ 2 மில்லிவோல்ட் குறையும். இந்தக் குறைவை அளந்தே சில்லு தன் சூட்டை அறிகிறது. 'கோர் டெம்ப்' போன்ற இலவச மென்பொருள்கள் அந்த எண்ணை நமக்குக் காட்டும்.

இதை வைத்து எந்தத் துணைக்கருவியையும் வீட்டிலேயே சோதிக்கலாம். சுவரில் மாட்டும் சின்ன வெப்பமானி ஒன்று வேண்டும். ஒரே வேலையை அரைமணி நேரம் ஓடவிட்டு, எண் ஏறி நிலைத்த பிறகு குறித்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து அறையின் எண்ணைக் கழியுங்கள். கிடைப்பது கணினியின் உண்மையான மதிப்பெண். குறைய குறைய நல்லது. கூலிங் பேட் வைத்து ஒருமுறை, இல்லாமல் ஒருமுறை என்று மாற்றி மாற்றி மூன்று தடவையாவது செய்ய வேண்டும். காலையில் பேட் இல்லாமலும் மதியம் பேட் வைத்தும் பார்த்தால், நாம் அளப்பது பேட்டை அல்ல, வெயிலை.

இன்னொரு பொறியும் இருக்கிறது. வேகத் தணிப்பில் இருக்கும் கணினி, பேட் வைத்தாலும் வைக்காவிட்டாலும் அதே எல்லை எண்ணைத்தான் காட்டும். குளிர்ச்சி கிடைத்ததும் அது வேகத்தைக் கூட்டிக்கொள்ளும், சூடு மறுபடி எல்லைக்கே வந்து நிற்கும். பேட்டால் பயனில்லை என்று நாம் முடிவு கட்டிவிடுவோம். அதனால் வெப்பநிலையோடு, வேலை முடிய எத்தனை நிமிடம் ஆகிறது என்பதையும் குறிக்க வேண்டும். பலன் கடிகாரத்தில் தெரியும்.

எதற்குப் பணம் கொடுக்கலாம்?

முதல் கருவிக்கு விலையே இல்லை. கணினியின் பின்விளிம்பை இரண்டு விரற்கடை தூக்கிவைப்பது. பெரும்பாலான கணினிகள் அடிப்பக்கத் துளைகளின் வழியாகவே மூச்சு இழுக்கின்றன. மேசையில் தட்டையாக வைத்தால் நூலிழை இடைவெளிதான் கிடைக்கும். மெத்தையிலோ மடித்த சேலையின் மேலோ வைத்தால் அதுவும் அடைபடும். சாய்வான ஸ்டாண்ட் ஒன்று வாங்கினால் கழுத்துக்கும் நல்லது. அடுக்கிய இரண்டு மரக்கட்டைகளும் அதே வேலையைச் செய்யும்.

விசிறி வைத்த கூலிங் பேட் உதவுமா என்பது துளைகளின் இடத்தைப் பொறுத்தது. பேட்டின் விசிறி நடுவில் இருக்க, கணினியின் துளை ஓரத்தில் இருந்தால், காற்று மூடிய பிளாஸ்டிக்கில் மோதித் திரும்பும். நண்பருக்கு நடந்தது அதுதான். வாங்குவதற்கு முன் கணினியைக் கவிழ்த்துத் துளைகள் எங்கே என்று பார்த்து, அவற்றுக்கு நேரே விசிறி வருவதாக எடுக்க வேண்டும். அப்போதும் சில டிகிரிதான் எதிர்பார்க்கலாம். வேகத் தணிப்பின் விளிம்பில் இருக்கும் கணினிக்கு அந்தச் சில டிகிரியே பெரிது. ஆனால் பேட் வீசுவதும் அதே அறைக் காற்று என்பதை மறக்கக் கூடாது. அறை 40 என்றால் அது 40 டிகிரிக் காற்றைத்தான் வீசும்.

மின்சாரத்தால் ஒரு பக்கம் குளிரும் பெல்டியர் தகடு வைத்த குளிர்விப்பான்களும் விற்கின்றன. 1834-இல் பிரெஞ்சுக்காரர் பெல்டியர் கண்ட விளைவு அது. தகட்டின் ஒரு பக்கம் குளிர்ந்தால் மறுபக்கம் அதைவிட அதிகமாகச் சூடாகும், அந்தச் சூட்டையும் அதே அறையில்தான் கொட்டும். ஈரமான நாளில் குளிர்ந்த பக்கத்தில் நீர் கோக்கும். ஈரத்துணி, ஐஸ் பை வைப்பதிலும் இதே ஆபத்து. மின்சுற்றுக்குப் பக்கத்தில் நீர்த்துளி வேண்டாம்.

அறையையே குளிரவைப்பது நிச்சயமான வழி. வறண்ட கோடை மதியத்தில் சாதாரண ஏர் கூலர், மண்பானைத் தண்ணீர் குளிரும் அதே முறையில் அறையைச் சில டிகிரி இறக்கும். அறை இறங்கும் ஒவ்வொரு டிகிரிக்கும் சில்லும் ஒரு டிகிரி இறங்கும். கணினியை நேரே சாரல் படாத தூரத்தில் வைத்தால் போதும். மழைக்காலக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் அப்போது இந்த வழி பலிக்காது.

இன்னொரு இலவசக் கருவி கணினிக்குள்ளேயே இருக்கிறது. பவர் அமைப்பில் உச்ச வேகத்தைக் கொஞ்சம் குறைத்துவிடுவது. கொக்கியைத் தூக்கும் உயரத்தைக் குறைத்தால் உழைப்பு குறைவதுபோல, வேகம் குறையும்போது சில்லு மின்னழுத்தத்தையும் குறைத்துக்கொள்கிறது. மின்னழுத்தம் பாதியானால் ஒவ்வொரு கொக்கிக்கும் ஆகும் சூடு கால்வாசியாகிவிடும். வேகமும் மின்னழுத்தமும் சேர்ந்து ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால், கணக்குப்படி சூடு ஏறத்தாழ பாதியாகும். அதிகபட்ச வேகத்தில் ஓடி, மூச்சு முட்டி நிற்பதைவிட, சற்றே மெதுவாகச் சீராக ஓடும் தறியில் நாள் முடிவில் அதிக முழம் இறங்கும். இது நெசவாளருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

புதிதாக வாங்குவோருக்கு

குறைந்த விலைக் கணினி வாங்கும்போது முதலில் சில்லின் வாட் எண்ணைக் கேளுங்கள். இன்டெல் என்100 போன்றவை 6 வாட்டுக்கு வடிவமைக்கப்பட்டவை. பாடம், கடிதம், கணக்கு, வீடியோ போன்ற வேலைகளுக்கு ஏற்றவை, சூடும் குறைவு. பெயரின் முடிவில் 'யு' என்ற எழுத்து வந்தால் பெரும்பாலும் 15 வாட் வகை. டிசைன் வேலைக்கு இது பொருத்தம். 'எச்' என்று முடிந்தால் 45 வாட் வகை. அதற்குத் தடித்த உடலும் இரண்டு விசிறியும் வேண்டும். மெல்லிய உடலில் 'எச்' வகைச் சில்லை மலிவாகத் தந்தால், வாங்கிய வேகம் மே மாதத்தில் கைக்குக் கிடைக்காது.

அடுத்து, கணினியைக் கவிழ்த்துப் பாருங்கள். மூச்சு இழுக்கும் துளைகள் தாராளமாக இருக்கின்றனவா? சூடான காற்று வெளியேறும் வாயைத் திரை மறைக்கிறதா? அடிமூடி சாதாரணத் திருகாணியில் திறக்குமா? திறக்க முடியாத கணினியை நெசவு ஊரில் சுத்தம் செய்ய முடியாது. பேட்டரியையும் நினைவில் வையுங்கள். சூட்டில் லித்தியம் பேட்டரிக்குள் வேண்டாத வேதிவினைகள் வேகமெடுக்கும். முழு சார்ஜில் இருக்கும்போது அது இன்னும் கூடும். 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி இருந்தால் கோடையில் அதைப் போட்டுவைப்பது பேட்டரிக்கு ஆயுள்.

தமிழ்நாடு அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது டேப்லெட் தருவதாக அறிவித்தது. லட்சக்கணக்கில் வாங்கும்போது கேட்கும் உரிமையும் கூடும். 40 டிகிரி அறையில் ஒரு மணி நேரம் ஓடவிட்டு, எத்தனை சதவீத வேகம் மிஞ்சுகிறது என்று சோதித்து வாங்கும் வழக்கம் வந்தால், அது நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பேருதவி. அவர்கள் படிப்பது ஏ.சி. அறையில் அல்ல.

நண்பர் புதுக் கணினி வாங்கவில்லை. தகடுகளைச் சுத்தம் செய்து, பசை மாற்றி, மேசையை ஆஸ்பெஸ்டாஸ் அறையிலிருந்து ஓட்டுக் கூரையின் கீழ் முன்கட்டுக்குக் கொண்டுவந்தார். காலியான இரண்டு நூற்கண்டுக் கட்டைகளைப் பின்விளிம்புக்கு அடியில் கொடுத்தார். மே மாதம் முடியும் முன்னே ஒரு மதியம் போன் செய்தார். மணி ரெண்டரை, முந்தி டிசைன் திறந்திருக்கிறது, புட்டா தடங்காமல் நகர்கிறது என்றார். பின்னால் தறி ஓடும் ஓசை கேட்டது.

"தங்கச்சி பொண்ணுக்கு ஒரு லேப்டாப் பார்க்கணும்ணே," என்றார் கடைசியில். "கடைக்காரர்கிட்ட முதல்ல என்ன கேக்கணும்னு இப்போ தெரியும். 'இதை எத்தனை டிகிரி ரூம்ல வச்சுப் பார்த்தீங்க?'"